நாம் காட்டிய ஒரே கதவு

அல்லாஹ்வின் திருப்பெயரால்…



சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி வருவோர் தொப்பூர்க் கணவாயைக் கடந்த பின் சற்று நேரத்தில் நல்லம்பள்ளியை அடைவர். செவ்வாய்க்கிழமை தோறும் இங்கே கூடும் சந்தையில் ஆடு வாங்க வெளியூர் வியாபாரிகளும் வருகின்றனர். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் வாரங்களில் ஃபஜ்ருக்கு முன்பே சந்தை களைகட்டிவிடும். நம் தமக்கையின் கணவர் முப்பது ஆண்டுகளாக இச்சந்தையில் ஆட்டு வியாபாரம் செய்கிறார். ஆட்டின் இடுப்பில் கைவைத்துத் தூக்கிப் பார்த்தே அதன் எடையைச் சொல்லிவிடுவார். தம் மகன் இந்தத் தூசிக்குள் நிற்கக் கூடாது என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

அந்த ஆசைக்கு வழி சொன்னவர்களுள் நாமும் ஒருவர். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றபோது, கணினிப் பொறியியல் படிக்க வையுங்கள், நான்கே ஆண்டுகளில் பெங்களூரில் வேலை கிடைக்கும் என்று உறுதியாகச் சொன்னோம். தமக்கையின் நகைகள் அடகுக்குச் சென்றன. ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து ஒரு பகுதி கிடைத்தது. எஞ்சிய தொகைக்கு வங்கியில் கல்விக் கடன் வாங்கினர். வட்டியைக் குறித்துத் தமக்கை தயங்கினார். வேலை கிடைத்த ஓராண்டில் அடைத்துவிடலாம், இப்போது நிர்ப்பந்தம் என்று அவரைத் தேற்றியவர்களும் நாமே. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தச் சொல்லின் பாரம்தான்.

மருமகன் 2023ஆம் ஆண்டு படிப்பை முடித்தான். கல்லூரியிலேயே நடந்த நேர்காணலில் ஒரு நிறுவனம் அவனைத் தேர்ந்தெடுத்திருந்தது. பணியில் சேரும் நாள் ஒருமுறை தள்ளிப்போயிற்று, பின் மீண்டும் தள்ளிப்போயிற்று. அதன்பின் இன்னொரு தேர்வு எழுதச் சொன்னார்கள். அதையும் எழுதினான். பிறகு பதில் எதுவும் வரவில்லை. வங்கியிலிருந்து மட்டும் தவறாமல் கடிதம் வந்தது.

அவன் ஒருவனுக்கு நேர்ந்தது மட்டுமாக இதை எண்ணுதற்கில்லை. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பத் துறை 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை தருகிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் தன் பணியாளர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கும் மேற்பட்டோரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு இதற்குக் காரணமன்று, திறன் பொருத்தமின்மையே காரணம் என அதன் தலைமைச் செயல் அதிகாரி விளக்கினார். எல்லாப் பழியையும் இயந்திரத்தின் மீது சுமத்துவது நீதியாகாது. கொரோனாவுக்குப் பின் அளவுக்கு மீறி ஆளெடுத்ததும், அமெரிக்க வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கியதும் இதில் சேர்ந்துள்ளன. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. நம் நிறுவனங்கள் பெரும்பாலும் இத்தனை ஆட்கள், இத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டே வெளிநாட்டாரிடம் ஊதியம் பெற்றுவந்தன. அதே வேலையைக் குறைந்த ஆட்களைக் கொண்டு முடிக்கலாம் என்னும்போது அந்தக் கணக்கு தளர்கிறது.

தளர்வு எங்கே முதலில் தெரிகிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது. மென்பொருளைச் சோதித்தல், சிறு பிழைகளைத் திருத்துதல், விளக்கக் குறிப்பு எழுதுதல் ஆகியவை புதிதாகச் சேர்வோருக்குத் தரப்படும் வேலைகள். அவற்றைச் செய்தபடியே அவர்கள் தொழிலைக் கற்றார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின் வளர்ந்த கருவிகள் விரைவாகக் கற்றுக்கொண்டதும் இவ்வேலைகளையே. ஏணியின் மேற்படிகளில் நிற்பவருக்கு இக்கருவி உதவியாளன். கீழ்ப்படியில் கால்வைக்க வந்தவருக்கோ படியே இல்லை. தந்தையும் மாமனும் அத்துறையில் இருக்கும் பிள்ளைக்கு வேறு வழி காட்ட ஆளுண்டு. ஆட்டு வியாபாரியின் மகனுக்கு அந்த முதற்படி ஒன்றே வழியாக இருந்தது.

நாடுகளுக்கிடையிலும் இவ்வளர்ச்சி சமமாக இல்லை. நம் அரசு 2024 மார்ச்சில் இந்தியா ஏஐ திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கென 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட ஸ்டார்கேட் என்னும் ஒரு திட்டம் மட்டும் நான்காண்டுகளில் 50,000 கோடி டாலர் முதலிடுவதாகக் கூறியது. ஒன்று ரூபாய், மற்றது டாலர்.

மொழியிலும் அவ்வாறே. இணையத்தில் ஆங்கிலம் கடலளவு கிடக்க, தமிழ் குளத்தளவே உள்ளது. பல மாதிரிகள் ஒரு தமிழ்ச் சொல்லைப் பல துண்டுகளாக உடைத்தே படிக்கின்றன. அதனால் செலவு கூடுகிறது, பிழையும் மிகுகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை மருமகன் தன் கைப்பேசியைச் சந்தையில் நீட்டி, வியாபாரிகள் விலை பேசுவதை எழுத்தாக்கச் செய்து பார்த்தான். நம் வட்டாரத் தமிழும் இடையிடையே தக்னி உருதுவும் கலந்த அப்பேச்சு, பொருளற்ற சொற்குவியலாகத் திரையில் வந்தது. அவன் தந்தை வாய்விட்டுச் சிரித்தார். மகனின் வேலை போனதற்குக் காரணம் என்று கேள்விப்பட்ட பொருள் இவ்வளவுதானா என்னும் வியப்பு அச்சிரிப்பில் இருந்தது. நிரலெழுதத் தெரிந்த அவ்வியந்திரத்துக்கு ஆட்டின் விலை கேட்கத் தெரியவில்லை.

இக்குறையை நீக்கும் முயற்சிகளும் நம் மண்ணில் நடைபெறுகின்றன. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் இந்திய மொழிகளின் குரல் பதிவுகளையும் சொற்களையும் திரட்டி எவரும் பயன்படுத்துமாறு வெளியிடுகிறது. அரசின் பாஷிணி திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. இத்தகைய பணிகளுக்குப் பதிவுகளைக் கேட்டுப் பிழை திருத்தவும், படங்களுக்கு அடையாளமிடவும் ஆட்கள் தேவை. அவ்வேலை சிற்றூர்களுக்கும் வந்துள்ளது. மருமகனும் இப்போது வீட்டிலிருந்தபடி ஒரு நிறுவனத்துக்குத் தமிழ்க் குரல் பதிவுகளைத் திருத்தித் தருகிறான். எண்ணிக்கைக்குக் கூலி. ஒரு பொறியாளர் எதிர்பார்க்கும் சம்பளத்தில் சிறு பகுதியே கைக்கு வருகிறது.

ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வெளியே வருகையில் அவன் கேட்டான்: “மாமு, என் இடத்துக்கு வரப்போகிறதற்கு நானே பாடம் சொல்லிக் கொடுக்கிறேனோ? இந்தக் காசு சரியான காசுதானா?”

நமக்கு உடனே விடை வரவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டோம். வேலையில் பொய்யும் மோசடியும் இல்லையெனில் உழைப்பின் கூலி ஹலாலே என்றார். நபி தாவூத் (அலை) அவர்கள் அரசராயிருந்தும் தம் கை உழைப்பில் உண்டதை நினைவூட்டினார். பின்னர், “ரிஸ்க் அல்லாஹ்விடம் உள்ளது. அது இந்த ஒரு வாசல் வழியாகத்தான் வரும் என்று பிள்ளையிடம் யார் சொன்னது?” என்று கேட்டார். நாம் தலைகுனிந்தோம்.

அல்காரிதம் என்ற சொல்லே 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். அவர் இந்தியரின் எண்முறையைக் கற்று அது குறித்து நூல் எழுதினார். அந்நூல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவை அடைந்தது. கற்றவர் கற்பித்ததால் அந்த அறிவு பரவிற்று. நாமோ அப்பெயரைச் சொல்லி மகிழ்ந்ததோடு நின்றோம். நம் பிள்ளைகளுக்குக் கணக்கை ஆழமாகக் கற்பிக்க ஒரு மாலை வகுப்பும் நடத்தவில்லை. பட்டத்துக்குப் பணம் கொடுத்தோம், அதற்கு முன்னும் பின்னும் உடன் நிற்கவில்லை.

சென்ற மாதம் இஷாவுக்குப் பின் கல்வி உதவிக் குழு கூடியது. கணினிப் படிப்புக்கு இனி உதவ வேண்டாம் என்றார் ஒருவர். வசதியுள்ளோர் எப்படியும் படிப்பார்கள், ஏழைப் பிள்ளைக்கு மட்டும் கதவடைப்பதா என்றார் மற்றொருவர். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. நெடுநேரம் பேசிய பின் சிலவற்றை முடிவு செய்தோம். பாடத்தைப் பிள்ளையின் நாட்டத்தையும் திறனையும் பார்த்தே தேர்வோம். ஐடிஐ, பாலிடெக்னிக், செவிலியம், சட்டம் ஆகியவற்றுக்கும் அதே மரியாதையுடன் உதவுவோம். பெங்களூரிலும் ஓசூரிலும் பணியிலிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் மாதம் இரு ஞாயிறுகளில் இணையவழி மாணவர்க்குக் கற்பிப்பர். அவர்களுள் இரு பெண் பொறியாளர்கள் முதலில் ஒப்புக்கொண்டனர், அல்ஹம்துலில்லாஹ். வேலைக்குக் காத்திருப்போரின் வட்டிக் கடனை அடைக்கக் கர்ழு ஹஸனா நிதி ஒன்று தொடங்குவோம்.

நம் தமக்கையின் குடும்பம் அந்நிதியின் முதல் பயனாளி. நம் உறவினர் என்பதால் முடிவெடுக்கையில் நாம் அவையை விட்டு வெளியேறினோம். வங்கிக் கடனில் பெரும்பகுதி அடைந்தது. மீதிக்கு நம் சேமிப்பிலிருந்து கொடுத்தோம். அதைத் தர்மமாக நாம் கருதவில்லை. உறுதியளித்த நாவுக்கு அதில் பங்குண்டு.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுரை கூறியதை நாம் அறிவோம். இயந்திரம் நாளை எதைக் கற்கும் என்பதை நாம் அறியோம். பிள்ளைகளுக்கு அடிப்படைக் கல்வியும் கடனில்லாத் தொடக்கமும் தருவது நம் கையில் இருக்கிறது.

மருமகன் இரவில் குரல் பதிவுகளைத் திருத்துகிறான், பகலில் புதிதாகப் படிக்கிறான், விண்ணப்பங்கள் அனுப்புகிறான். செவ்வாய்க்கிழமை காலையில் தந்தையுடன் சந்தைக்குச் செல்கிறான். சென்ற வாரம் விற்ற பணத்திலிருந்து மச்சான் முதல் தவணையைப் பள்ளிவாசலில் கொண்டுவந்து கட்டினார். ஆட்டு மணம் வீசிய அந்த நோட்டுகளை எண்ணி வாங்கி ரசீது எழுதிக் கொடுத்தோம்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் ரிஸ்கிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. பொறுப்பின்றி நாம் சொன்ன சொற்களை மன்னிப்பானாக. ஆமீன்.