முன்பாரம், பின்பாரம்

தகர டின்னைத் திறந்து பார்த்த ராசிபுரத்து அக்கா, ஒன்றும் பேசாமல் அதை மேஸ்திரியிடம் நீட்டினார். 40 தட்டுவடை அடுக்கிய டின். முழுசாக இருந்தவை 17.

"நொறுக்கல் கடைதான் போடணும் போலங்கண்ணா."

சேலத்துப் பக்கம் தின்று பழகியவர்களுக்கு இந்த எகத்தாளம் புரியும். தட்டுவடை செட்டுக்கு உடையாத தட்டுவடை இரண்டு வேண்டும். ஒன்றின்மேல் காரச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம்; மூடியாக இன்னொன்று. உடைந்ததைச் சட்னியும் காயும் போட்டுப் பிசறிக் கொடுத்தால் அது நொறுக்கல். அக்கா வீட்டில் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர். இனி தானே விற்பது என்று முடிவெடுத்து, ஒரு பழைய டிரெய்லரை வாங்கி நாமக்கல்லுக்கு இழுத்து வந்திருந்தார்.

அது திருவிழாக்களில் சீரியல் லைட்டுக்கு ஜெனரேட்டர் சுமந்த வண்டி. ஒற்றை ஆக்சில், இரண்டு சக்கரம். மேஸ்திரி சின்னச் சுத்தியலால் சேனலை அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனார். ணங் என்றால் இரும்பு நல்ல இரும்பு; பொத்தென்று கேட்டால் உள்ளே துரு. பொத்தென்ற இடங்களில் பையன் சாக்பீஸால் வட்டம் போட்டான். ஐந்து வட்டம். அந்த இடங்களை மட்டும் வெட்டியெடுத்துப் புது ஆங்கிள் வைத்தார்கள். நாலு மூலையிலும் டேக் அடித்து, மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் முழு வெல்டிங்.

மேஸ்திரி நாற்பது வருஷம் லாரி கட்டியவர். வெறும் சேஸாக வரும் லாரி இந்த ஊரில்தான் கேபினும் பெட்டியும் கட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போகும். இப்போது கம்பெனியிலிருந்தே கேபினோடு வருவது அதிகம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்றும் ஆகிவிட்டது. அதனால் இந்த மாதிரிச் சில்லறை வேலைகளையும் எடுக்கிறார். சில்லறை என்று அவர் சொன்னதுதான். எனக்கென்னவோ லாரியைவிட இது சிக்கலான வேலையாகப் பட்டது. லாரி ஓடினால் போதும். இது காலையும் இரவும் ஓட வேண்டும், சாயங்காலம் முழுக்க அசையாமல் நிற்க வேண்டும்.

முதல் தகராறு உயரம். வண்டித் தளம் தரையிலிருந்து 27 அங்குலம். அதன்மேல் அக்கா நின்று விற்பதாகத்தான் மேஸ்திரி கோடு போட்டிருந்தார்.

"கோயில்ல திருநீறு தர்றாப்புல ஆயிடுங்கண்ணா. எல்லாரும் அண்ணாந்து வாங்கோணும்."

கோடு அழிந்தது. அக்கா தரையில் நிற்பது. பக்கத் தகடு சங்கிலியில் கீழே இறங்கிப் பலகையாவது. மேல் தகடு தூக்கி நின்று நிழல் தருவது. இப்படிப் பாதி நாள் போயிற்று.

அடுத்தது பாரம். "அடுப்பு எங்க வெக்கறது அம்மிணி?" அடுப்பே கிடையாது, எண்ணெய் வேலையெல்லாம் வீட்டோடு. தட்டுவடைக்கும் கனம் இல்லை. மேஸ்திரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தண்ணி எத்தன?" என்றார். 20 லிட்டர் கேன் இரண்டு. கேன்களை முன்பக்கம் வைத்து, கழிவுத் தண்ணீர் டிரம்மைப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் வைக்கச் சொல்லியிருந்தார் அக்கா.

"போறப்ப முன்பாரம், வர்றப்ப பின்பாரமா?" மேஸ்திரி சிரித்தார்.

மாட்டு வண்டிச் சொல். பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும் என்று என் தாத்தா பிரி கட்டும்போதெல்லாம் சொல்வார். டிரெய்லருக்கும் அதே கணக்குதான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது முன்னால் கொக்கியில் உட்கார வேண்டும்; இல்லாவிட்டால் வேகத்தில் வண்டி வாலாட்டும். காலையில் முன்னால் இருக்கும் 40 கிலோ, தட்டு கழுவிக் கழுவி, ராத்திரிக்குள் பின்னால் போய்ச் சேர்ந்துவிடும். இழுக்கப் போகும் தம்பியின் ஜீப் அதை இருட்டில் கண்டுபிடித்திருக்கும். டிரம் கேனுக்குப் பக்கத்திலேயே வந்தது. கண்ணில் படுமே என்ற அக்காவுக்கு ஒரு தகரக் கதவு கிடைத்தது.

ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அதற்கு எழுதிய விண்ணப்பமும், 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அடையாள அட்டை கேட்கும் மனுவும் அக்காவின் பையில் நாலாக மடிந்து கிடந்தன. அது தனிக் கதை.

எல்லாம் முடிந்து, கேன்களில் தண்ணீர் நிரப்பி, பட்டறைக்கு முன்னிருந்த வேகத்தடையில் இரண்டு முறை ஏற்றி இறக்கியபோதுதான் அந்த 17.

மேஸ்திரி கோணியை விரித்து வண்டிக்கடியில் படுத்தார். "ஜெனரேட்டருக்குப் போட்ட ஸ்பிரிங் பட்டை. ஏழு இருக்கு. தட்டுவடைக்கு எதுக்கு ஏழு?" யு போல்ட்டைக் கழற்றி, மெயின் பட்டையைத் தொடாமல், குட்டைப் பட்டைகளில் மூன்றை உருவினார். மறுபடி போல்ட்டை முறுக்கும்போது பையன் பைப்பைச் சொருகித் தொங்கினான்.

இரண்டாவது டின். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணினார். 31.

"போதுங்கண்ணா. ஊடால துணி வெச்சு அடுக்கியிருந்தா இதும் ஒடஞ்சிருக்காது. அது என் தப்பு."

மேஸ்திரி உடைந்த ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு டயரை எட்டி உதைத்தார்.

"டேய், காத்தக் கொஞ்சம் எறக்கு. அம்மிணி, இன்னொரு டின் இருக்கா?"