ஆறு வாட்டின் பூர்வீகம்

இன்டெல் செலரான் என்4000. இரண்டு கோர். அடிப்படை வேகம் 1.10 ஜிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 2.60. கேஷ் 4 எம்பி. 14 நானோமீட்டர். டிடிபி 6 வாட். எஸ்டிபி 4.8 வாட்.

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் பழைய லேப்டாப் விற்கும் ஒரு கடையில் நின்றுகொண்டு என் போனில் படித்த பட்டியல் இது. லேப்டாப் எனக்கில்லை, குளச்சலில் இருக்கும் தங்கை மகளுக்கு. கல்லூரியில் படிக்கிறாள். பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தவள், "ஏன் மாமா, ஒரு சிப்புக்கு ரெண்டு வாட்டு போட்டிருக்கான்?" என்று கேட்டாள். நான் கடைக்காரரைப் பார்த்தேன்.

"ஆறு வாட்டுதான் அண்ணாச்சி. உள்ள பேனே கெடையாது. கடக்கரைக்குக் கொண்டுபோறதுக்கு இதுதான் லாயக்கு. உப்புக்காத்து பேனுக்குள்ள ஏறித் துருப்பிடிச்சு எத்தன வருது தெரியுமா?" என்றார்.

சரியான பதில்தான், அவர் அளவில். 4.8 எங்கிருந்து வந்தது என்று மட்டும் அவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் அந்தப் புள்ளி எட்டு என்னை விடவில்லை. எங்கள் மாவட்டத்தில் வாட் என்றால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலைகள்தான் நினைவுக்கு வரும். அங்கே எல்லாம் மெகாவாட். ஆறு வாட் என்பது ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு. அதற்குள் ஒரு கணினியின் மூளை ஓடுகிறது என்றால் அதன் பூர்வீகம் என்ன என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் இன்டெல்லின் சொந்த விளக்கம். டிடிபி என்பது சிப் இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு அல்ல. எல்லாக் கோர்களும் அடிப்படை வேகத்தில், இன்டெல்லே தேர்ந்தெடுத்த ஒரு கடினமான வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது சராசரியாக வெளிவிடும் வெப்பம் அது. லேப்டாப் கட்டுகிற நிறுவனத்துக்குச் சொல்லப்படும் சேதி: இவ்வளவு சூட்டை வெளியே கடத்தும்படி உன் பெட்டியைச் செய்துகொள். மின் கட்டணத்துக்கும் அதற்கும் நேர்த்தொடர்பு இல்லை. 1.10 என்ற வேகமும் அந்த ஆறோடு கட்டப்பட்டதே. 2.60 என்பது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கிடைக்கும் ஓட்டம். அப்போது ஆறு வாட்டைத் தாண்டலாம். எவ்வளவு தாண்டலாம், எத்தனை நொடி தாண்டலாம் என்பதை லேப்டாப் செய்தவர் பயோஸில் எழுதி வைக்கிறார். ஆகவே ஒரே என்4000 இரண்டு கம்பெனிப் பெட்டிகளில் இரண்டு விதமாக ஓடும். பட்டியலில் இதற்கென்று ஒரு வரி கிடையாது.

இதைக் கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையிலிருந்து இன்டெல் சிப்புகள் தாம் செலவழிக்கும் ஆற்றலைத் தாமே கணக்கிட்டுச் சொல்கின்றன. லினக்ஸில் அந்த எண்ணைப் படிக்கலாம். வாங்கிய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றிப் பார்த்தேன். எதுவும் செய்யாமல் கிடந்தால் சிப் ஒரு வாட்டைக்கூடத் தொடவில்லை. கனமான ஒரு இணையப் பக்கத்தைத் திறந்ததும் பத்தை ஒட்டி எகிறி, பிறகு ஆறில் வந்து உட்கார்ந்துவிட்டது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டியபோது பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் சிப்பின் ஓய்வுச் செலவைவிட அதிகமாகக் கூடியது. பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்பவர்கள் சிப்பின் வாட்டைப் பார்ப்பதைவிடத் திரையையும் பேட்டரியின் வாட்-மணியையும் பார்க்கலாம். 2017 நவம்பர் 30-இல் ஓகி புயல் அடித்து, குமரி மாவட்டமே நாள்கணக்கில் இருட்டில் கிடந்தபோது இது எங்களுக்குத் தெரிந்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும்.

இனி அந்த 4.8. அதன் பிறப்பை 2013 ஜனவரிக்குக் கொண்டுபோக முடிந்தது. அந்த மாதம் லாஸ் வேகஸ் மின்னணுக் கண்காட்சியில் இன்டெல் 7 வாட் கோர் சிப்புகளை அறிவித்தது. டேப்லெட்டுகளில் ஏஆர்எம் சிப்புகள் கொடிகட்டிப் பறந்த காலம், இன்டெல்லுக்கு அவசரம். ஆனால் அந்தச் சிப்புகளின் டிடிபி 13 வாட். ஏழு என்பது எஸ்டிபி என்ற புது அளவு: டேப்லெட்டில் ஆட்கள் செய்கிற இலேசான வேலைகளை வைத்துக் கணக்கிட்டது. பத்திரிகைகள் உடனே பிடித்துக்கொண்டன. இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். இலேசான வேலைக்கு இலேசான பெட்டி போதும் என்பது நியாயமான பொறியியல். தலைப்பில் 7 என்று போட்டது வியாபாரம். 2007-இல் ஏஎம்டி தன் சர்வர் சிப்புகளுக்கு ஏசிபி என்று ஒரு "சராசரி" எண்ணைக் கொண்டுவந்தபோதும் இதே கூத்துதான் நடந்தது. என்4000 வந்த 2017 கடைசியிலும் எஸ்டிபி வரி பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்தது. 2023-இல் வந்த என்100-இன் பட்டியலில் அந்த வரியே கிடையாது.

தங்கை மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்ப ஆறும் அவனுவளாப் பாத்து வச்சதுதானா?" என்றாள். அதுதான் அடுத்த கேள்வி.

ஆறின் தடம் ஆட்டம் என்ற குடும்பத்துக்குப் போகிறது. அமெரிக்காவின் டெக்சாஸில், ஆஸ்டின் நகரில் இருந்த இன்டெல் குழு ஒன்று, பழைய சிப்பைச் சுருக்காமல் அடியிலிருந்து புதிதாக வரைந்தது அது. 2008-இல் வெளிவந்தது, சுமார் 4.7 கோடி டிரான்சிஸ்டர்கள், 25 சதுர மில்லிமீட்டருக்கும் குறைவான பரப்பு. பெரிய சிப்புகள் வரிசையில் நிற்கும் கட்டளைகளை முன்பின்னாக மாற்றி எடுத்து, எது தயாராக இருக்கிறதோ அதை முதலில் முடிக்கும். அதற்குரிய கண்காணிப்புச் சுற்றுகளே நிறைய மின்சாரம் தின்னும். முதல் ஆட்டம் அதை விட்டுவிட்டு, வந்த வரிசையிலேயே வேலை பார்த்தது. மெதுவானது, ஆனால் சிக்கனமானது. அந்தக் கால நெட்புக்குகளில் இருந்த ஆட்டம் என்270-இன் டிடிபி 2.5 வாட்தான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 2008-இல் இரண்டரை, 2017-இல் ஆறு என்றால் பின்னோக்கிப் போனார்களா? என்270 தனியாக வேலை செய்யாது. நினைவகத்தையும் படக்காட்சியையும் கவனிக்க 945ஜிஎஸ்இ என்ற துணைச் சிப் பக்கத்தில் இருக்கும். அதன் டிடிபி 6 வாட். எஜமானைவிட வேலைக்காரன் இரு மடங்குக்கு மேல் சாப்பிட்ட வீடு அது. பிற்காலத்தில் துணைச் சிப்பின் வேலைகள் ஒவ்வொன்றாக முதன்மைச் சிப்புக்குள் வந்துசேர்ந்தன. என்4000-இன் ஆறு வாட்டுக்குள் கிராபிக்ஸ், நினைவகக் கட்டுப்பாடு, யுஎஸ்பி எல்லாம் அடக்கம். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள், அந்த எண் எதையெல்லாம் உள்ளடக்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஆட்டம் குடும்பத்துச் சிப்புக்குச் செலரான் என்று பெயர் வைத்தது இன்னொரு குழப்பம். செலரான் 1998-இல் பெரிய பென்டியம் குடும்பத்தின் மலிவுப் பதிப்பாகப் பிறந்த பெயர். 2013 வாக்கில் ஆட்டம் வழிச் சிப்புகளுக்கும் அதையே சூட்டினார்கள். செலரான் என்4000 ஆட்டம் வழி, 6 வாட். செலரான் 4205யூ கோர் வழி, 15 வாட். நாஞ்சில் நாட்டில் ஒருவர் பெயரைச் சொன்னதும் "எந்த ஊரு, எந்த வீடு?" என்று கேட்பார்களே, அப்படி எண்ணுக்கு முன்னும் பின்னும் நிற்கும் எழுத்தைக் கேட்டால்தான் வம்சம் தெரியும். செலரான், பென்டியம் இரண்டு பெயர்களையும் நோட்புக்குகளிலிருந்து எடுத்துவிடப்போவதாக 2022 செப்டம்பரில் இன்டெல் அறிவித்தது. என்100 இப்போது வெறும் "இன்டெல் பிராசசர்". குழப்பம் தீர்ந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆஸ்டினில் அப்படியொரு குழு எதற்கு உட்கார்ந்தது என்று பார்த்தால், பின்னால் ஒரு நெருக்கடி தெரிகிறது. ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டும் சகாக்களும் 1974-இல் ஒரு விதியை எழுதினார்கள்: டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் எழும் சூடு மாறாது. சிப்பின் மின்செலவு வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தோடு வர்க்கமாகவும் ஏறும். ஒரு வோல்ட்டை 0.7 ஆக்கினாலே செலவு பாதியாகிவிடும். முப்பது வருடம் இந்த வரத்தில் தொழில் நடந்தது. மின்னழுத்தம் ஒரு வோல்ட் அருகே வந்ததும் அதற்கு மேல் இறங்க மறுத்தது. இறக்கினால் அணைத்து வைத்த டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசிந்தது. 2004-இல் வந்த பிரஸ்காட் பென்டியம் 4 நூறு வாட்டைத் தாண்டியது. அதற்கு வாரிசாக வரவேண்டிய டேஜஸ் என்ற சிப்பை அதே ஆண்டு மே மாதம் இன்டெல் கைவிட்டது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்த குழு 2003 மார்ச்சிலேயே பென்டியம் எம் என்ற லேப்டாப் சிப்பைக் கொடுத்திருந்தது. பிந்தைய கோர் சிப்புகளுக்கு அதுதான் மூதாதை. மேசைக் கணினி லேப்டாப்பிடம் பாடம் கேட்டது அப்போதுதான்.

சிக்கனத்தின் இன்னும் பழைய வேர் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் இருந்தது. இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். ஏகார்ன் என்ற சிறு நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த ஏஆர்எம்1 சிப், 1985 ஏப்ரல் 26-இல் முதன்முதலாக ஓடியது. வெறும் 25,000 டிரான்சிஸ்டர்கள். சிப்பைப் பீங்கான் உறையில் வைத்தால் விலை கூடும். பிளாஸ்டிக் உறை தாங்க வேண்டுமானால் சூடு ஒரு வாட்டுக்குள் நிற்க வேண்டும். அதை உறுதியாகக் கணக்கிடும் கருவி அவர்களிடம் இல்லை, ஆகவே எங்கும் கையை இறுக்கிப் பிடித்தே வரைந்தார்கள். வந்த சிப்பின் மின்சாரத்தை ஃபர்பர் அளந்தபோது மீட்டர் பூஜ்யம் காட்டியது. பார்த்தால், சோதனைப் பலகையில் சிப்புக்கு மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை! பக்கத்துச் சுற்றுகளின் சமிக்ஞைக் கால்கள் வழியாகக் கசிந்துவந்த மின்சாரத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. இன்று உலகத்துக் கைபேசிகளெல்லாம் அந்த வம்சத்தில்தான் ஓடுகின்றன. பேட்டரியை மிச்சம் பிடிக்கவேண்டும் என்று யாரும் தொடங்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் உறையின் விலையில் தொடங்கியது.

அதன்பிறகு என் மேசையில் மூன்று பட்டியல்களை வரிசையாக வைத்தேன். 2016-இன் என்3060: 6 வாட், இரண்டு கோர், கேஷ் 2 எம்பி. 2017-இன் என்4000: 6 வாட், இரண்டு கோர், 4 எம்பி. 2023-இன் என்100: 6 வாட், நான்கு கோர், 6 எம்பி, உச்ச வேகம் 3.4 ஜிகாஹெர்ட்ஸ். திறனில் முதலாவதற்கும் கடைசிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், வாட் மட்டும் அசையவில்லை. விசிறி இல்லாத மெல்லிய பெட்டி ஒன்று சுமாராக இவ்வளவு சூட்டைத்தான் தாங்கும். அந்த இடத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு அதற்குள் என்ன அடங்கும் என்று ஒவ்வொரு தலைமுறையும் பார்க்கிறது. அவனுவளாப் பாத்து வச்சதுதான், அவள் சொன்னது சரி. வாங்குபவர் பார்க்க வேண்டிய வரிகள் வேறு: எந்த ஆண்டு, எத்தனை கோர், எவ்வளவு ராம், உள்ளே இஎம்எம்சியா எஸ்எஸ்டியா. விண்டோஸ் 11 என்4000-ஐ ஏற்கும், என்3060-ஐ ஏற்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பழைய லேப்டாப் கடைகளில் என்3060 சல்லிசாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நம் பக்கம் யாராவது சிப்பு வரைகிறார்களா என்று அவள் கேட்டாள். வரைகிறார்கள். சென்னை ஐஐடியில் வி. காமகோடி தலைமையிலான குழு 2014 முதல் சக்தி என்ற பெயரில் ரிஸ்க்-5 வகைச் சிப்புகளை வடிவமைத்துவருகிறது. 2018 ஜூலையில் அவர்களின் ரைஸ்கிரீக் சிப், அமெரிக்காவின் ஆரிகானில் இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையில் உருவாகி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ரிமோ, சண்டிகரை ஒட்டிய மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் உருவானது. 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஐரிஸ் சிப்பும் அங்கேதான் தயாரானது. விண்வெளிக்கு இப்படியொன்று வேண்டும் என்று கேட்டது எங்களுக்குப் பக்கத்து ஊரான திருவனந்தபுரத்தில், வட்டியூர்க்காவில் இருக்கும் இஸ்ரோவின் நிலைமத் தொகுதிப் பிரிவு. நாகர்கோவிலிலிருந்து ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதே நகரின் விக்ரம் சாராபாய் மையம் மொகாலி ஆய்வகத்தோடு சேர்ந்து உருவாக்கிய விக்ரம் 3201-க்கு, மைனஸ் 55-லிருந்து 125 டிகிரி வரை வேலை செய்வதுதான் முதல் தகுதி. ராக்கெட்டில் போகும் சிப்பிடம் யாரும் உச்ச வேகம் கேட்பதில்லை.

180 நானோமீட்டரில் என்4000 போன்ற ஒன்றை ஆறு வாட்டுக்குள் அடக்க முடியாது. வடிவமைப்பு கையில் இருக்கிறது, அவ்வளவு நுண்ணிய அளவில் செய்யும் ஆலை இல்லை என்பதே நிலைமை. ஆனால் சக்தியில் இன்டெல் தராத ஒன்று கிடைக்கிறது: மூல நிரல் திறந்து கிடக்கிறது. அதன் சி-வகுப்புச் சிப் ஐந்து கட்டங்களில், கட்டளைகளை வந்த வரிசையிலேயே முடிக்கும் 64-பிட் வடிவம். முதல் ஆட்டம் பிடித்த அதே சிக்கன வழி. புளூஸ்பெக் என்ற மொழியில் எழுதியிருக்கிறார்கள். தங்கை மகள் அதை அந்த என்4000-இலேயே இறக்கி வைத்திருக்கிறாள். கேஷ் பகுதி புரியவில்லையாம். டிகோட் பகுதி வரை வந்துவிட்டதாகப் போனவாரம் போனில் சொன்னாள்.