கடைசிப் பெஞ்சும் கோர் ஆங்கிலமும்

1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வந்த மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளாகிய நாங்கள் மூவர், இராமகிருஷ்ணபுரத்துப் பள்ளியொன்றில் பதினோராம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் இடம்பிடித்தோம். மூவரும் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்றவர்கள். கணக்கும் பௌதிகமும் எங்களை அவ்வளவாக அச்சுறுத்தவில்லை. அலைக்கழித்தது ஆங்கிலந்தான்.

மத்திய வாரியத்தின் மேல்நிலை வகுப்புகளில் ஆங்கிலம் இரு வகைப்படும். இலக்கியத்தில் தோய விழைவோர்க்கு எலெக்டிவ். ஏனையோர்க்குக் கோர் என்னும் அடிப்படைப் பாடம். 'அடிப்படைதானே' என்று எங்கள் தந்தையர் ஆறுதல் கொண்டனர். அவர்களோ அலுவலகக் கோப்புகளில் பிழையற்ற ஆங்கிலம் எழுதுபவர்கள். பேருந்து நடத்துநரிடம் பேச மட்டும் எந்த மொழியும் இல்லாதவர்கள்!

எங்கள் ஆங்கில அறிவு விசித்திரமானது. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கச் சொன்னால் நொடியில் ஆக்குவோம். தண்ணீர் குடித்துவர அனுமதி கேட்க வேண்டுமானால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கோர் பாடமோ இலக்கணத்தைவிடப் பயன்பாட்டையே பெரிதாகக் கேட்டது. கண்டறியாத பத்தியைப் படித்துக் குறிப்பெடுக்க வேண்டும். அறிவிப்பு எழுத வேண்டும். பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் வரைய வேண்டும். இவற்றையெல்லாம் ஆசிரியை விளக்கியது இந்தியில். 1968 முதல் இருமொழிக் கொள்கை நிலவிய மாநிலத்திலிருந்து வந்த எங்களுக்கு, ஆங்கிலச் சொல்லின் பொருளை அறிய முதலில் இந்திச் சொல்லின் பொருளை அறிய வேண்டியதாயிற்று. அகராதியைப் புரட்டி ஆங்கிலத்தின் வழியே இந்தி கற்றோம் என்றால் இன்று எங்கள் பிள்ளைகள் நகைக்கின்றனர்.

தப்பிக்க ஒரு வழி கண்டோம். ஊரில் பழகிய வழிதான். குடிநீர்த் தட்டுப்பாடு குறித்து ஆசிரியருக்கு ஒரு கடிதத்தை நாங்கள் இருவர் சேர்ந்து எழுதி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த மூன்றாமவனை நெட்டுருப் போடச் செய்தோம். "எது கேட்டாலும் இதையே கொஞ்சம் மாற்றிப் போட்டுவிடு" என்றும் சொல்லி வைத்தோம். 1985 மார்ச்சில் தேர்வு வந்தது. கடிதம் ஒலிபெருக்கித் தொல்லை பற்றியது. அவன் குடிநீரைப் பற்றியே எழுதிவிட்டு வெளியே வந்து, சிரித்த முகத்தோடு, "முழுசும் வந்துவிட்டதடா, ஒரு வரி விடவில்லை" என்றான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாய் திறக்கவில்லை.

தேர்ச்சிக்கு நூற்றுக்கு 33 வேண்டும். மற்றப் பாடங்களில் எங்களைவிட மிகுதியாகப் பெற்றிருந்த அவன், ஆங்கிலத்தில் மட்டும் கம்பார்ட்மெண்ட் என்றானான். நாங்கள் கல்லூரியில் சேர்ந்த வாரத்தில் அவன் வீட்டுப் பக்கம் போவதையே தவிர்த்தோம்.

அவன் தனியாகச் சென்று ஆசிரியையைக் கண்டான். அவர் ஒன்றே ஒன்று கூறினாராம்: நாள்தோறும் வீட்டில் நடந்ததை ஐந்து வாக்கியங்களில் எழுதிக் கொண்டு வா, எதையும் பார்த்து எழுதாதே. விடுமுறை என்றும் பாராமல் அவர் அவற்றைத் திருத்தித் தந்தார். அவரைப் பற்றி நாங்கள் வகுப்பில் தமிழில் செய்த கேலிகளை இங்கே எழுதக் கூசுகிறது.

ஒருநாள் மாலை மலைமந்திர் படிக்கட்டில் அவனே எங்களைக் கண்டு, "இதில் தப்பு எங்கே இருக்கிறது, பாருங்கடா" என்று நோட்டுப் புத்தகத்தை நீட்டினான். தெருவில் வந்த தள்ளுவண்டிக்காரரிடம், மொழி தெரியாத அவன் தாயார் விரலைக் காட்டி வெண்டைக்காய் வாங்கியது. வண்டிக்காரர் இரண்டு பச்சை மிளகாயைச் சும்மா போட்டது. அதற்கு நன்றி சொல்லத் தெரியாமல் அம்மா கைகூப்பியது. அதைப் பார்த்து அவரும் கைகூப்பியது. மூன்று பிழைகளைச் சுட்டினோம். அப்படியொரு வாக்கியத்தை நாங்கள் இருவரும் அதுவரை ஆங்கிலத்தில் எழுதியதில்லை.

மறுதேர்வில் தேறினான். அதற்குள் கல்லூரிகளில் இடங்கள் நிரம்பிவிட்டன, ஓராண்டு போயிற்று. அந்தக் கடிதத்தைப் பற்றி அவன் எங்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை.