பாதையும் பாலமும்

கிண்ணியாவில் பிறந்து வளர்ந்தவர்களிடம் 'பாதை' என்று சொன்னால் அவர்கள் தெருவை நினைக்கமாட்டார்கள். ஆற்றின் குறுக்கே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கிய மிதவைக்குத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். "பாதை அக்கரையில நிக்குது" என்றால் காத்திருக்க வேண்டும். கடைசிப் பாதை போய்விட்டதென்றால் அன்றைய பயணம் முடிந்தது. என் வாப்பா நெல் லொறி வைத்திருந்தார். கொழும்புக்குப் போய்த் திரும்பும் தூரத்தை அவர் மைலில் கணக்கிட்டதை நான் கண்டதில்லை. கந்தளாயை எத்தனை மணிக்குத் தாண்டினால் கடைசிப் பாதையைப் பிடிக்கலாம் என்பதே அவருடைய கணக்கு.

வாப்பாவின் பேரன், என் தங்கச்சியின் மகன், வேறொரு கணக்கை எனக்கு அனுப்பியிருக்கிறான். அவன் ஜேர்மனியில் ஹம்பேர்க் நகரில் பொறியியலாளன். பல வருடங்களாகச் சேர்த்த காசில் ஒரு கார் எடுக்கப்போகிறான். சாதாரணக் கார் அல்ல, பி.எம்.டபிள்யூ. எம் 3. மூன்று லீற்றர், ஆறு சிலிண்டர், ஐந்நூறைத் தாண்டிய குதிரைவலு. அதை ஹம்பேர்க்கிலேயே எடுக்கலாம். ஆனால் வேகக் கார்ப் பிரியர்களுக்கு அது போதாதாம். மியூனிக் நகரில் அந்த நிறுவனம் 2007இல் திறந்த பி.எம்.டபிள்யூ. வெல்ட் என்ற பெரிய மண்டபம் இருக்கிறது. வாங்குபவர் படிகளில் இறங்கி வர, கீழே சுழலும் மேடையில் அவருடைய கார் மெதுவாகத் திரும்பிக்கொண்டு நிற்கும். அங்கிருந்தே ஓட்டிக்கொண்டு வெளியேறி மலைப்பக்கம் போய்விடலாம். காரை எடுப்பதே ஒரு பயணத்தின் முதல் நாளாகிவிடுகிறது.

தன்னுடைய ஒன்பது நாள் திட்டத்தை அவன் அட்டவணை போட்டு அனுப்பியிருந்தான். இத்தாலியின் ஸ்ரெல்வியோ கணவாய்: உயரம் 2757 மீற்றர், ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டைஊசி வளைவுகள். பிறகு வடக்கே திரும்பி நூர்பேர்க்ரிங்: 1927இல் திறக்கப்பட்ட பந்தயப் பாதை, ஒரு சுற்று 20.8 கிலோமீற்றர். அட்டவணையின் அடியில் எனக்கொரு வரி: "நீங்களும் வாங்க மாமா. வலப்பக்க ஆசனம் உங்களுக்கு. நம்ம நாட்டில டிரைவர் இருக்கிற பக்கம்."

துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். உட்துறைமுக வீதியில் இருந்துகொண்டு மூதூர் படகு வருவதையும் போவதையும் பார்ப்பதே இப்போது என் பயணம். ஆனாலும் அந்த அட்டவணையை மூன்று நாட்கள் விடாமல் படித்தேன். அதில் இருந்தவற்றைவிட, இல்லாதவைதான் என்னை நிறுத்தி வைத்தன. எந்த நேரத்துக்கு முன் எந்த இடத்தைத் தாண்ட வேண்டும் என்று ஒரு குறிப்பும் இல்லை. எங்கே இறங்க வேண்டும், எங்கே அடையாள அட்டை காட்ட வேண்டும் என்றும் இல்லை. ஷெங்கன் உடன்படிக்கை நாடுகள் சில அண்மைய ஆண்டுகளில் தற்காலிகச் சோதனைகளை மீண்டும் கொண்டுவந்திருந்தாலும், அவன் வயதுக்காரர்களுக்கு எல்லை என்பது வீதியோரத்தில் ஒரு பெயர்ப்பலகை மட்டுமே.

எங்களுடைய பயணத் திட்டங்கள் இப்படி இருந்ததில்லை. 1990களில் இங்கிருந்து கொழும்புக்கு பஸ் ஏறினால், சோதனைச்சாவடிகளில் இறங்கி, பொதியைச் சுமந்து, வரிசையில் நடந்து, மறுபக்கத்தில் ஏற வேண்டும். 2006 ஆகஸ்டில் மூதூர்ச் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் நடந்து வந்தார்களே, அந்தப் பயணத்துக்குத் திட்டமே இல்லை. போர் முடிந்த பிறகும் ஒன்றில்லாவிட்டால் இன்னொன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடையில் பழைய கார்கள் வயது ஏற ஏற விலையும் ஏறிய அதிசயத்தைப் பார்த்தோம். 2022இல் கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல். மருமகனின் காரில் தாங்கியின் கொள்ளளவு 59 லீற்றர். எங்கள் கணக்கில் அது மூன்று வாரப் பங்கு. பிரித்தானியர் கட்டிவிட்டுப்போன 99 எண்ணெய்க் குதங்கள் சீனக்குடாவில் நிற்க, அந்த ஊர்ச் சனங்களே பெற்றோலுக்கு வரிசையில் நின்றார்கள்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லி அவன் சந்தோஷத்தில் மண் போட நான் விரும்பவில்லை. உழைத்துச் சேர்த்தவன்; ஓட்டட்டும். ஆனால் லொறிக்காரரின் மகனாகிய எனக்கு அந்தத் திட்டத்தில் ஒரு நியாயமான கேள்வி இருந்தது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் வாப்பா முதல் சில வாரங்களுக்கு அரைப்பாரம்தான் ஏற்றுவார். "இளங்கன்ட முதல் நாளே ஏரில பூட்டுவியா?" என்பார். தொலைபேசியில் கேட்டேன்:

"மகன், புது எஞ்சினுக்கு உங்கட ஊரில அந்த வழக்கம் இல்லயா?"

இருக்கிறதாம், அதுவும் கடுமையாக. முதல் 2000 கிலோமீற்றருக்கு எஞ்சினை நிமிடத்துக்கு 5500 சுற்றுக்கு மேல் விடக்கூடாது. மணிக்கு 170 கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது. (170 எங்களுக்கு விமான வேகம், அது வேறு கதை.) 2000 ஆனதும் எண்ணெய் மாற்றி, பரிசோதித்த பிறகே முழு வேகம். அவன் திட்டத்தில் மியூனிக்கிலிருந்து ஸ்ரெல்வியோ வழியாக நூர்பேர்க்ரிங் வரை கூட்டிப் பார்த்தால் ஆயிரத்தைச் சுற்றித்தான் வந்தது. "அந்த ஆயிரத்த எங்க ஓடி முடிக்கிறதெண்டுதான் மாமா யோசிக்கிறன்" என்றான்.

அப்போதுதான் மொஸ்டார் என்று சொன்னேன்.

மியூனிக்கிலிருந்து தெற்கே இறங்கினால் ஒஸ்ரியாவில் குரொஸ்குளொக்னர் மலைவீதி இருக்கிறது. 1935இல் திறக்கப்பட்டது, 48 கிலோமீற்றர், 36 வளைவுகள். குளிர்காலத்தில் பனியால் மூடிக் கிடக்கும். பொதுவாக மே மாதத்தில்தான் திறப்பார்கள். வளைவு ஆசைக்கு அது போதும். பிறகு ஸ்லொவேனியா, குரோஷியா, அட்ரியாட்டிக் கடற்கரை. நெரெத்வா ஆற்றைப் பிடித்து மேலே ஏறினால் பொஸ்னியாவின் மொஸ்டார். சுமார் ஆயிரம் கிலோமீற்றர். போய் மியூனிக்குக்குத் திரும்பி வந்தால் எஞ்சின் கேட்கிற இரண்டாயிரம். அங்கேயே எண்ணெயை மாற்றிவிட்டு ஹம்பேர்க் வரை ஆசை தீர ஓட்டலாம். வழியில் பள்ளிவாசலையும் ஹலால் கடையையும் தேடி அலையவும் வேண்டியதில்லை என்று தங்கச்சியின் கட்சியையும் சேர்த்துச் சொன்னேன்.

உண்மையான காரணம் அந்தப் பாலம். மிமார் ஹைருத்தீன் என்ற உஸ்மானியக் கட்டடக்காரர் 1566இல் கட்டி முடித்த ஒற்றை வளைவு. 1993 நவம்பர் 9ஆம் திகதி, போரில், குரோவாத்தியப் படையின் பீரங்கிக் குண்டுகளில் உடைந்து ஆற்றில் விழுந்தது. 2004 ஜூலையில் பழைய முறையிலேயே மீண்டும் கட்டித் திறந்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் இரண்டு கரையும் வெறுமையாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு பாலத்தின் பெறுமதியைக் கிண்ணியாவுக்கு யாரும் படித்துக்கொடுக்க வேண்டியதில்லை. 2009 ஒக்டோபரில் சவூதி நிதியுதவியோடு கட்டிய 396 மீற்றர் பாலம் திறந்தபோது, வாகனம் இருந்தவர்களும் இறங்கி நடந்துதான் கடந்தோம். அதற்குப் பிறகும் குறிஞ்சாக்கேணி இருந்தது. புதிய பாலத்துக்கான வேலை முடியாதிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 காலை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை ஏற்றிய பாதை அங்கே கவிழ்ந்தது. அன்றே ஆறு மையித்துகள், அவற்றுள் சின்னஞ்சிறுசுகள். கூப்பிடு தூரம்தான் அந்த நீர். ஸ்ரெல்வியோவின் ஒரு வளைவைவிட அகலம் அதிகமிராது.

இதைச் சொன்னபோது மறுமுனையில் பேச்சில்லை. இரண்டு நாள் கழித்துப் புதிய அட்டவணை வந்தது. ஐந்தாம் நாளுக்கு எதிரே 'மொஸ்டார் - ஓட்டமில்லை' என்று இருந்தது. பழைய பாலத்தில் கார் போகாது, நடைமட்டும்தான். ஐந்நூறு குதிரையையும் தெருவோரம் கட்டிவிட்டு இறங்க வேண்டும்.

இப்போது மிச்சமிருப்பது என் கடவுச்சீட்டு. அவனிடம் இருப்பது ஜேர்மன் கடவுச்சீட்டு. அவன் காரைத் திருப்பிய பக்கம் போகலாம். எனக்கோ முப்பதாயிரம் யூரோவுக்குக் காப்புறுதி, வங்கிக் கூற்று, ஹோட்டல் பதிவு, அவனுடைய பொறுப்பேற்புக் கடிதம் எல்லாம் வேண்டும். குரோஷியா 2023இலிருந்து ஷெங்கனுக்குள், பொஸ்னியா வெளியே. வெளியே போனால் மீண்டும் நுழைய, பலமுறை நுழைவு வீசா வேண்டும். ஒருமுறை நுழைவு மட்டும் தந்தால், மருமகன் திரும்பிப் போக, நான் ஆற்றங்கரையில் நிற்க வேண்டியதுதான். அது எனக்குப் பழகிய நிலைதான்.

"வீசா சரிவராட்டி பழைய றூட்டுக்கே மாத்திருவம் மாமா" என்றான்.

"வேணாம் மகன்" என்றேன். "ஆசனம் வெறுமையாப் போனாலும் றூட்ட மாத்தாத. பாலத்தில ஏறி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு எத்தன அடியெண்டு மட்டும் எண்ணிக்கிட்டு வா."