கிணற்றில் பங்கு உள்ளவர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

மொன்றியலில் என்னோடு வேலை செய்கிற கியூபெக்காரப் பெண்ணொருத்தி தன் முன்னோரைப் பிரான்சிலிருந்து கப்பலேறியவர் வரை பெயர் பெயராகச் சொல்லுவா. இங்கே இது அதிசயமில்லை. 1666இல் பிரெஞ்சு அரசின் நிர்வாகி ழான் தலோன் எடுத்த குடிக்கணக்கில் கியூபெக் பகுதியில் குடியேறியிருந்த பிரெஞ்சுக்காரர் 3,215 பேர்தான். கோயில் பாதிரிமார் எழுதிய ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவுகளே 1993 முடியும்வரை அரசாங்கப் பதிவாகவும் நின்றன. ஒரு பிரதி கோயிலில், மற்றது நீதிமன்றத்தில். ஒன்று எரிந்தாலும் மற்றது இருக்கும். இந்த மாகாணத்தில் ஆகக் கூடுதலான குடும்பப் பெயர் த்ரொம்பிளே. அநேகமாக அத்தனை பேரும் 1657இல் ஒசான் அஷோனைக் கலியாணம் முடித்த பியேர் த்ரொம்பிளேயின் வழி.

எனக்குப் பொறாமை தருவது ஒசானின் பெயர் இன்னும் இருப்பதுதான். அந்தப் பதிவுகளில் பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரோடேயே எழுதினார்கள். 1981 ஏப்ரலிலிருந்து கியூபெக்கில் கலியாணம் பெண்ணின் பெயரை மாற்றுவதில்லை, சட்டமே அப்படித்தான்.

எங்கள் பக்கத்தைப் பாருங்கள். அண்ணனின் பிள்ளைகளுக்கு அண்ணனின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது, என் பிள்ளைகளுக்கு என் பெயர். ஒரே அப்புவின் பேரப்பிள்ளைகள், கடதாசியில் யாரோ எவரோ. கனடாவில் வந்திறங்கிய நாளில் மனைவிமாருக்குப் புருஷனின் பெயரைப் போட்டதோடு அவர்களின் தகப்பன் பெயரும் போய்விட்டது. நாளைக்கு என் பேத்தி தேடினால் அம்மம்மாவோடு வழி முட்டிவிடும்.

ஆனால் எங்கள் ஊர் சுருவிலில் எங்களுக்கு வேறொரு பதிவு இருக்கிறது அக்கா: காணி உறுதி. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தருக்காக எழுதிக் கொடுத்தபோதே சீதனம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிற வழக்கம் இருந்தது. ஆகவே சீதன உறுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் பெண்வழி தெரியும். வழக்கமாக உறுதியில் காணி எப்படி வந்தது என்று எழுதியிருக்கும்: இன்னாருக்கு இன்னார் கொடுத்த சீதனம், அவவுக்குத் தாய்வழி முதுசம். பிறகு நாலு எல்லை. எல்லையில் இருப்பவர்கள் அநேகமாகச் சொந்தக்காரர், ஏனென்றால் ஒரு தாயின் வளவைத்தான் மகள்மாருக்குப் பிரித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வரி: ‘கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்.’ எங்கள் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் நல்ல தண்ணீர்க் கிணறு வளவுக்கு வளவு கிடையாது. காணியைப் பிரிக்கலாம், கிணற்றை எப்படிப் பிரிப்பது? எனவே கிணறு ஒரு மகளின் காணிக்குள் விழும், மற்றவர்களுக்குப் பங்கு எழுதுவார்கள். ஒரு கிணற்றில் யார் யாருக்குப் பங்கு என்று பார்த்தால் பல இடங்களில் அக்கா தங்கச்சிமார் வெளியே வந்துவிடுவார்கள். எந்தக் கோயில் பதிவும் இவ்வளவு அந்தரங்கமாகச் சொல்லாது.

போர்க்காலத்து 1990, 91 இடம்பெயர்வுகளில் எத்தனையோ வீட்டு உறுதிகள் பெட்டியோடு போய்விட்டன. அதற்காக எல்லாம் முடிந்ததென்று சனம் கைவிடக்கூடாது. நொத்தாரிசு எழுதுகிற உறுதியின் இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் காணியின் பெயரும் தெரிந்தால் தேடலாம். காணியின் பெயரை அறிந்தவர்களோ எல்லாரும் எண்பதைத் தாண்டியவர்கள். அதுதான் என் அவசரம்.

உங்களிடம் அம்மாவின் சீதன உறுதி இருக்கிறது. எல்லாப் பக்கத்தையும் படம் பிடியுங்கள், முத்திரை ஒட்டிய பக்கத்தையும் விடாமல். பெரியம்மாவை இருத்தி நாலு எல்லைக்காரரும் எங்களுக்கு என்ன முறை என்று கேட்டு எழுதுங்கள். பெண்களுக்குத் தகப்பன் பெயரையும் தாயின் பெயரையும் சேர்த்தே எழுதவேண்டும். வடக்கெல்லைக்காரியைப் பற்றி முதலில் கேளுங்கள். எங்கள் கிணற்றில் அவவுக்கும் பங்கு உண்டு என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன், அவ அம்மம்மாவின் தங்கச்சியாக இருக்கவேண்டும்.

அன்புடன்,
மொன்றியலிலிருந்து தம்பி