பொறுப்பாளி யார்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. பாலின் நிறுவை குறைந்துவிட்டதென்று கங்காணியிடம் முறையிட்டால், கணக்கு கிராணியின் கையில் என்பார். கிராணியிடம் சென்றால், துரையின் உத்தரவு என்பார். துரையோ, கம்பெனி இலண்டனில் இருக்கிறது என்பார். ஒவ்வொருவரும் தத்தம் அளவில் குற்றமற்றவரே. குறைந்த கூலி மட்டும் தவறாமல் தொழிலாளியின் வீடு வந்து சேரும். பலர் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில் குற்றம் ஒருவரிடமும் தங்குவதில்லை. அந்தப் பழைய நியாயம் இன்று நம் வீட்டு இணையக் கம்பியிலும் குடிபுகுந்திருக்கிறது.

என் மகள் இரவு எட்டு மணிக்கு வீட்டிலிருந்தபடியே இணையவழியில் கணிதம் கற்பிக்கிறாள். எஸ்.பி.எம். தேர்வெழுதும் மாணவர் சிலர். அவருள் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள். சில மாதங்களாகப் பாடத்தின் நடுவே படம் அசையாது நின்றது. குரல் அறுந்து அறுந்து வந்தது. இரண்டு பெற்றோர் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். நாங்கள் மாதந்தோறும் வெள்ளி கட்டுவதோ 300 மெகாபிட் வேகத்திற்கு. நிறுவனத்தாரைக் கேட்டால், முதல் முறை ‘மோடத்தை அணைத்துப் போடுங்கள்’ என்றனர். மறுமுறை ‘உங்கள் வீட்டு வை-ஃபை சரியில்லை’ என்றனர். மூன்றாம் முறை ‘கம்பி எங்களுடையதன்று’ என்றனர். கங்காணி, கிராணி, துரை மூவரும் ஒரே தொலைபேசியில் பேசினர் என்க.

கம்பி வேறொருவருடையது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. இந்நாட்டில் 2008ஆம் ஆண்டு அரசாங்கமும் டி.எம். நிறுவனமும் அதிவேக இணையத்திற்கு ஒப்பந்தம் செய்தன. 2010 மார்ச்சில் யூனிஃபை சேவை தொடங்கிற்று. ஒருவர் இட்ட ஒளியிழைக் கம்பியை வேறு நிறுவனங்களும் வாடகைக்கு எடுத்து விற்பதுண்டு. ஆனால் நம்மிடம் பணம் பெறுபவர் எவரோ, நமக்குப் பதில் சொல்லவேண்டியவரும் அவரே. அவர் யாரிடம் வாடகைக்கு எடுத்தார் என்பது அவருடைய கணக்கு.

ஆயினும் எடுத்த எடுப்பில் நிறுவனத்தைத் தூற்றுவதும் அறிவுடைமையாகாது. எங்கள் தாமானில் ஒரு வீட்டார் வேகம் போதவில்லையென்று 100 மெகாபிட்டை விட்டு 500க்கு மாறினர், பயன் சிறிதுமில்லை. ரூட்டர் இரும்பு அலமாரிக்குள் இருந்தது! வை-ஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடந்து தூரம் செல்லும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது. சுவர் அதைத் தளர்த்திவிடும். பழைய கம்பியொன்றில் உள்ளிழை அறுந்திருந்தால் வேகம் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். ஆகவே கணினியை ரூட்டரோடு நேரே கம்பியால் இணைத்து அளக்கவேண்டும். அங்கே வேகம் சரியாகவும் அறையில் குறைவாகவும் இருப்பின் குற்றம் வீட்டினுள்ளது. ஒரு தளம் மட்டும் தாமதித்து மற்றவை விரைந்து வந்தால் குற்றம் பெரும்பாலும் அத்தளத்தினுடையது. கம்பியில் அளந்தும் எப்பொழுதும் குறைவாயிருந்தால் வீட்டிற்கு வரும் இணைப்பைச் சோதிக்கவேண்டும்.

பகலில் வேகம் நிறைந்து இரவில் மட்டும் சரிந்தால் காரணம் வேறு. பரவலாக வழங்கும் ஜிபான் முறையில் ஓரிழையில் வினாடிக்கு ஏறக்குறைய 2,500 மெகாபிட் வருகிறது. அதனைப் பிரித்து 32 வீடுகளுக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஒரே நொடியில் 300 கேட்டால் 9,600 வேண்டும். எல்லோரும் ஒருங்கே கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் வணிகம் நடக்கிறது. அந்நம்பிக்கை தவறன்று, ஆனால் இழையிலோ, அதற்கப்பால் நிறுவனத்தின் பெருவழியிலோ இரவுதோறும் நெருக்கடி நேர்ந்தால், அது கொள்ளளவுக்கு மிஞ்சி விற்ற குற்றமாகும். விளம்பரத்தில் ‘300 வரை’ என்று அச்சிட்டிருப்பார்கள். 300 என்பது பெரிய எழுத்து. ‘வரை’ என்பது சிறிய எழுத்து. நாம் பணம் கட்டுவது பெரிய எழுத்துக்கு. கிடைப்பது சிறிய எழுத்து!

நாங்கள் ஏழு நாள், நாளைக்கு மூன்று வேளை, கம்பியிலேயே அளந்து தேதியும் நேரமும் எழுதி வைத்தோம். பகலில் 290க்குக் குறையவில்லை. இரவில் 30ஐத் தாண்டவில்லை. அந்தத் தாளை நிறுவனத்திற்கு அனுப்பினோம். இரண்டு வாரம் பதிலில்லை. பிறகு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திற்கு அதே தாளை அனுப்பினோம். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அவ்வாணையம் சேவைத் தரத்திற்குக் கட்டாய விதிகள் வகுத்திருக்கிறது. சில வாரங்களில் நிறுவனத்தின் ஊழியரே அழைத்தார்; எங்கள் பகுதியில் நெருக்கடி உண்டென்று ஒப்புக்கொண்டார்; வழியும் சீரானது. ‘மோடத்தை அணைத்துப் போடுங்கள்’ என்ற பேச்சு அப்பொழுது எழவில்லை.

இன்னொன்றும் கூறவேண்டும். எங்கள் முனை சீரான பின்பும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்குப் படம் நின்றது. அவர்கள் இருக்கும் லயத்திற்கு ஒளியிழைக் கம்பியே இல்லை. கைப்பேசியின் அலைதான் துணை. அங்கே தாமதத்தைப் பற்றி முறையிடக்கூட ஒரு சந்தாச் சீட்டு இல்லை. நிலம் தனியாருடையது என்று ஒரு தரப்பு. இலாபமில்லை என்று ஒரு தரப்பு. நகரத்து மாணவன் கேட்கும் அதே பாடத்தைத் தோட்டத்து மாணவன் பாதி கேட்டுத் தேர்வுக்குச் செல்கிறான். மதிப்பெண் குறைந்தால் ‘அவன் தலைவிதி’ என்று சொல்லவும் ஆளிருக்கிறது.

தலைவிதிக்கு விலாசமில்லை; அதனிடம் கணக்குக் கேட்கமுடியாது. கம்பிக்கு உரிமையாளர் உண்டு, நிலத்திற்கு உரிமையாளர் உண்டு, அனுமதி தரும் அலுவலகமும் உண்டு. நகரத்தார் தம் வீட்டில் அளந்து எழுதட்டும். தோட்டத்தார் ஒவ்வொருவராக அல்ல, லயம் முழுதும் கையொப்பமிட்டு எழுதட்டும்.