பார்க்காமல் விட்ட பருவம்

கல்பாக்கம் நகரியத்தில் நள்ளிரவு தாண்டியும் விளக்கெரியும் வீடுகள் இரண்டு வகைப்பட்டவை. ஷிப்ட் முடித்து வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் ஒரு வகை. தொலைக்காட்சியின் ஒலியை முற்றிலும் அடக்கிவிட்டு, குழந்தைகள் விழித்துவிடாதபடி, இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ நடக்கும் கால்பந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் மற்றொரு வகை. நாங்கள் இரண்டாம் வகையினர். நான்கு நண்பர்கள். மாதம் ஒருமுறை கூடி நாவல்களைப் பற்றிப் பேசுவதற்காகச் சேர்ந்தவர்கள். பேச்சு எந்தக் கூட்டத்தில் கால்பந்தின் பக்கம் திரும்பியது என்பது இப்போது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

நாவல் வாசகர்களுக்கு ஒரு கால்பந்துப் பருவம் பிடித்துப்போவதில் வியப்பில்லை. தனி ஆட்டம் சிறுகதையைப் போன்றது. தொண்ணூறு நிமிடங்களில் முடிந்துவிடும். பருவமோ ஆகஸ்டில் தொடங்கி மே வரை நீள்வது. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் இருபது அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள். இரண்டாம் வாரத்தில் காயம்பட்டு வெளியேறியவர் இருபதாம் வாரத்தில் வேறொரு மனிதராகத் திரும்பி வருவார். கிறிஸ்துமஸ் சமயத்தில் பயிற்சியாளர்கள் சிலர் வேலையிழப்பார்கள். எல்லோரும் எல்லோரோடும் இருமுறை மோதி முடித்தபின் எஞ்சுவது ஒரு புள்ளிப் பட்டியல். அதை மட்டும் பார்ப்பவருக்கு அவை வெறும் எண்கள். வாரந்தோறும் பார்த்தவருக்கு ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஓர் இரவு இருக்கும்.

2015-16 பருவத்தை நாங்கள் அப்படித்தான் வாழ்ந்தோம். லெஸ்டர் சிட்டி முந்தைய ஆண்டு கிறிஸ்துமஸின்போது பட்டியலின் அடியில் கிடந்து, கடைசி வாரங்களில் தப்பித்துப் பதினான்காம் இடத்தில் முடித்த அணி. அது பட்டம் வெல்லும் என்று பந்தயம் கட்டுபவருக்கு ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாகச் சூதாட்ட நிறுவனங்கள் அறிவித்திருந்தன. அந்த அணியின் ஜேமி வார்டி தொடர்ந்து பதினோராவது ஆட்டத்தில் கோலடித்துச் சாதனை படைத்தது நவம்பர் 28 அன்று. அடுத்த சில நாட்களில் சென்னையும் எங்கள் மாவட்டமும் மழையில் மூழ்கின. வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்: டிசம்பர் 5 பகல் முழுவதும் நிவாரணப் பொருட்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த நாங்கள், இரவு எட்டரை மணிக்குக் கை கழுவிவிட்டு உட்கார்ந்து, ஸ்வான்சீக்கு எதிராக ரியாத் மாரெஸ் அடித்த மூன்று கோல்களையும் பார்த்தோம். வெளியே சவுக்குத் தோப்பில் ஈரக்காற்று இரைந்துகொண்டிருந்தது.

பட்டம் உறுதியான இரவில் லெஸ்டர் ஆடவே இல்லை. 2016 மே 2 அன்று, நமக்கு மே 3 அதிகாலை, டாட்டனம் அணி செல்சியை வென்றால் மட்டுமே போட்டி தொடரும் என்ற நிலை. டாட்டனம் இரண்டு கோல் முன்னிலை பெற்றது. செல்சி ஒன்றைத் திருப்பியது. பின் 83ஆம் நிமிடத்தில் ஏடன் அசார் பந்தை மேல்மூலைக்குள் வளைத்து அனுப்பினார். இரண்டுக்கு இரண்டு. லெஸ்டர் சாம்பியன். கத்திரி தொடங்க ஒரு நாள் இருந்த அந்தப் புழுக்கத்தில் நாங்கள் நால்வரும் தெருவில் இறங்கி நின்றோம். தேர்தல் பிரச்சாரக் காலமென்பதால், எந்தக் கட்சிக்காரர்கள் என்று எங்களை ஒரு காவலாளி விசாரித்தார். லெஸ்டர் என்றோம். அவர் எங்களை மேலும் தொந்தரவு செய்யவில்லை.

இவ்வளவையும் சொல்வது அந்தப் பருவத்தைக் கொண்டாட அல்ல. எங்களிடம் கண்கள் இருந்தன, பொறுமை இருந்தது, கண்விழிக்கத் தயக்கமும் இல்லை என்பதைப் பதிவு செய்யத்தான். ஏனெனில் மூன்று ஆண்டுகள் கழித்து, இதற்குச் சற்றும் குறையாத ஒரு பருவம் எங்கள் மாநிலத்திலேயே நடந்தது. அதை நாங்கள் பார்க்கவில்லை.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு வங்காளக் குடும்பம் இருந்தது. அணுசக்தித் துறை இந்தியா முழுவதிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்த ஊர் இது. ஒரே தெருவில் ஐந்து மொழிகள் கேட்கும். அந்தக் குடும்பத் தலைவரை நாங்கள் தாதா என்று அழைப்போம். வங்காளத்தில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். தமிழ்த் திரைப்படம் அந்தச் சொல்லுக்கு ஏற்றிவைத்த பொருளுக்கு நேர் எதிரான மனிதர். அவருடைய தந்தை தேசப் பிரிவினையின்போது பாரிசாலிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்தவர். ஆகவே குடும்பமே ஈஸ்ட் பெங்கால் அணியின் பக்தர்கள். 1920இல் தொடங்கப்பட்ட அந்த அணி, பின்னர் வீடிழந்து வந்தவர்களுக்கு எஞ்சிய ஊராக மாறிவிட்டது என்று அவர் ஒருமுறை சொன்னார். 2004க்குப் பிறகு தேசிய அளவில் லீக் பட்டம் அதற்குக் கிடைக்கவில்லை. 2007இல் ஐ-லீக் தொடங்கியபின் ஒருமுறைகூட இல்லை.

2019 மார்ச் 9, சனிக்கிழமை மாலை. தாதா எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்தார். ஐ-லீகின் கடைசி நாள். கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டியும் மினர்வா பஞ்சாபும். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலம் கேரளாவும். இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில். சென்னை சிட்டியிடம் 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலிடம் 39. தொலைக்காட்சியில் ஒன்று, கைபேசியில் ஒன்று என்று இரண்டையும் ஏற்பாடு செய்திருந்தார். "இன்று உங்கள் அணியும் என் அணியும். நாம் சேர்ந்து உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்" என்றார்.

எங்கள் அணி. அந்தச் சொல்லை மறுக்க எங்களுக்கு வாய் வரவில்லை. செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் அந்தப் பெயரை எப்போதோ பார்த்திருந்தோம். அவ்வளவுதான்.

தொடங்கிய சில நிமிடங்களில் மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. கோழிக்கோட்டில் கோல் இல்லை. இடைவேளையில் தாதா எழுந்து தேநீர் போடப் போனார். பின்னால் சென்று உதவிய எங்களில் ஒருவரிடம், நிதானமாக, "மான்சியை நடுவில் அடைத்துவிட்டார்கள். நெஸ்டர் இன்னும் முன்னால் வர வேண்டும். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார். மான்சி யார், நெஸ்டர் யார் என்று எங்கள் நண்பருக்குத் தெரியாது. ஆமாம் என்று சொல்லி வைத்தார்.

இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி தண்ட உதையில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் முன்னே வந்து இரண்டாவது கோலைப் போட்டார். கிட்டத்தட்ட அதே வேளையில் கோகுலமும் முன்னிலை பெற, எல்லாம் முடிந்ததுபோலத் தோன்றியது. முடியவில்லை. ஈஸ்ட் பெங்கால் ஒன்றைத் திருப்பி, ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் இரண்டாவதையும் போட்டது. இப்போது கணக்கு கொடூரமான எளிமையில் வந்து நின்றது: கோயம்புத்தூரில் மினர்வா இன்னொரு கோல் போட்டால் சென்னை சிட்டிக்கு 41, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு முடிந்துவிடும். தாதா கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். தம் அணியின் ஆட்டத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு எங்கள் அணியின் ஆட்டத்தை மட்டும் பார்த்தார். கூடுதல் நேரத்தில் போரா மறுபடியும் கோலடித்தார். மூன்றுக்கு ஒன்று. 43 புள்ளிகள், 42 புள்ளிகள்.

அவர் எழுந்து எங்கள் ஒவ்வொருவரின் கையையும் பற்றிக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. "தகுதியான அணி. இரண்டு முறையும் எங்களைத் தோற்கடித்தவர்கள் அல்லவா?" என்றார். பிறகு, விருந்தாளியின் மனம் குளிரப் பேசும் எண்ணத்தோடு கேட்டார்: "உங்கள் தமிழ்ப் பையன்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்?"

எங்களிடம் ஒரு பெயர் இல்லை.

அன்றிரவு தொடங்கிப் பல நாட்கள் அந்தப் பருவத்தைப் பின்னோக்கிப் படித்தோம். முந்தைய பருவத்தில் பத்து அணிகளில் எட்டாவதாக முடித்த அணி அது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினின் கீழ்நிலைப் பிரிவுகளில், பெரிய வெளிச்சம் படாமல் ஆடிக்கொண்டிருந்தவர்கள் சிலர் அழைத்துவரப்பட்டனர்: மான்சி, நெஸ்டர் கோர்தியோ, சாந்த்ரோ ரோத்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லவா, கோல்கீப்பர் சந்தானா. ரியல் மாத்ரிதையும் பார்சிலோனாவையும் பார்க்க இரவெல்லாம் விழித்திருந்த நாங்கள், ஸ்பெயின் வீரர்கள் ஓர் இரவுப் பேருந்துத் தொலைவில் வந்து ஆடியபோது தூங்கியிருக்கிறோம். 2018 அக்டோபரில் முதல் ஆட்டத்திலேயே மான்சி மூன்று கோல்கள் போட்டிருக்கிறார். பருவம் முடிகையில் 21. நவம்பரில் கொல்கத்தாவுக்கே போய் ஈஸ்ட் பெங்காலை இரண்டுக்கு ஒன்று என்று வென்றிருக்கிறார்கள். அவர்களோடு தோளோடு தோள் ஆடியவர்கள் எட்வின் சிட்னி வன்ஸ்பால், அஜித்குமார், ரொமாரியோ போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள். முந்தைய பருவத்தில் இதே அணியின் நடுகளத்தில் ஒளிர்ந்து ஜாம்ஷெட்பூருக்குப் போன மைக்கேல் சூசைராஜ் குமரி மாவட்டத்துக் கடற்கரையிலிருந்து வந்தவர். அங்கே தூத்தூர் வட்டாரத்தில் மீனவக் கிராமத்துக்கு ஒரு கால்பந்துக் குழு உண்டு. எங்கள் பக்கத்துக் குப்பங்களில் மாலையில் மணலில் பந்துதைக்கும் பையன்களை நாங்கள் நடைப்பயிற்சியின்போது கடந்துபோயிருக்கிறோம். நின்று பார்த்ததில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதற்குக் காரணங்கள் இருந்தன. அந்தப் பருவத்தின் பின்பகுதியில் பல ஆட்டங்களைத் தொலைக்காட்சி ஒளிபரப்பவில்லை. நட்சத்திரங்களும் விளம்பரமும் 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். பக்கம் போய்விட்டன. அங்கே சென்னையின் எஃப்சி 2015இலும் 2018இலும் பட்டம் வென்றதால், தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு எங்கள் கடமையைச் செலுத்திவிட்டோம் என்ற நினைப்பு வேறு. ஆனால் இவையெல்லாம் வழக்கறிஞர் வாதங்கள். உண்மை வேறு. இங்கே நடப்பது இரண்டாந்தரமாகத்தான் இருக்கும் என்று, ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்க்காமல், நாங்கள் முடிவு செய்திருந்தோம். சக தமிழ் எழுத்தாளனின் ஒரு புத்தகத்தையும் புரட்டாமல் மார்க்வெஸைப் பற்றி மேடையேறிப் பேசுகிறவர்களை எங்கள் கூட்டங்களில் எத்தனை முறை கேலி செய்திருக்கிறோம்!

வேறொன்றாயிருந்தால் அடுத்த பருவத்தில் சரிசெய்துகொண்டிருக்கலாம். முயன்றோம். ஆனால் அணி எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. 2019இல் சுவிட்சர்லாந்தின் பாசல் அணி அதில் 26 விழுக்காடு பங்கு வாங்கியபோது நிமிர்ந்து உட்கார்ந்தோம். அதே ஆண்டு ஐ.எஸ்.எல். நாட்டின் முதல்நிலை லீகாக ஏற்கப்பட்டது. ஐ-லீக் ஒரு படி கீழே இறங்கியது. பட்டம் வென்ற அணிக்கு மேலே செல்ல வழி தரப்படவில்லை. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் ஒற்றைக் கோலில் தோற்றார்கள். அதே மாதம் மான்சி ஜப்பானுக்குப் போனார். 2021க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. அன்று கோயம்புத்தூரில் தோற்ற மினர்வா பஞ்சாப், கைமாறிப் பெயர் மாறி, 2022-23 பருவத்தின் ஐ-லீகை வென்று, அப்போது திறந்திருந்த வழியாக ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்தது. நான்காண்டு முந்தி வென்றது சென்னை சிட்டியின் குற்றம்போலும்.

லெஸ்டர் 2023இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது, 2024இல் ஏறியது, 2025இல் மறுபடி இறங்கியது. இறங்குவதற்கும் ஏறுவதற்கும் அங்கே ஒரு படிக்கட்டு உண்டு. வீழ்ச்சியைக்கூட உட்கார்ந்து பார்க்கலாம்; எங்களில் ஒருவர் பார்த்தார். சென்னை சிட்டியின் வீழ்ச்சியைப் பார்க்க ஆட்டம் இல்லை. படிக்கப் பட்டியலும் இல்லை.

தாதா 2021இல் ஓய்வு பெற்றுக் கொல்கத்தாவுக்குப் போய்விட்டார். 2024 ஜனவரியில் ஈஸ்ட் பெங்கால் சூப்பர் கோப்பையை வென்றபோது தொலைபேசியில் வாழ்த்தினோம். மகிழ்ச்சியோடு பேசியவர், முடிக்கும்போது, "எட்வின் இப்போது எங்கே ஆடுகிறான்?" என்று கேட்டார். சென்னையின் அணிக்குப் போனது வரை எங்களால் சொல்ல முடிந்தது.

அந்த ஆண்டு ஒரு திருமணத்துக்காகக் கோயம்புத்தூர் போனபோது நேரு விளையாட்டரங்குக்கு நடந்து போனோம். ஓடுபாதையில் பள்ளிப் பிள்ளைகள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் தேநீர் சொல்லிவிட்டு, இங்கே முன்பு கால்பந்து நடக்குமே என்று பேச்சுக் கொடுத்தோம். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும்.

"சென்னை சிட்டிங்களா? அந்த வருசம் ஒரு மேட்ச் உடலைங்க. கடைசி மேட்சுக்கு மத்தியானமே கடையச் சாத்திப்போட்டுப் போயிட்டேன்" என்றவர், எங்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு கேட்டார்: "நீங்க எந்தப் பக்கம் உக்காந்து பாத்தீங்க?"

டிவியில் பார்த்தோம் என்றோம்.

"எல்லா மேட்சுமுங்களா?"

கடைசி ஆட்டம் மட்டும் என்றோம். அப்படீங்களா என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த தேநீரை ஆற்றத் தொடங்கினார்.